'குடிமகன்' என்னும் சொல்: சீன அரசைக் குறித்து ஒரு சீனரின் கண்ணோட்டம்

ஓர் அரசின் குறைகளை வெளியிலிருப்போர் எடுத்துரைப்பது ஒருவகை. அவ்வரசின்கீழ் வாழ்ந்து, அதன் சட்டத்தைக் கற்று, அச்சட்டத்தையே துணையாகக் கொண்டு ஒரு குடிமகன் எடுத்துரைப்பது மற்றொரு வகை. சீனாவைப் பற்றி நாம் பெரும்பாலும் கேட்டிருப்பது முதல் வகையே. இக்கட்டுரையில் இரண்டாம் வகையைச் சார்ந்த ஒருவரின் கருத்துகளை ஆராய முற்படுகிறோம். அவர் சூ ஜியோங் என்னும் சட்ட அறிஞர். 1973ஆம் ஆண்டு ஹெனான் மாநிலத்தில் பிறந்து, பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெய்ஜிங்கில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருக்கு 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் தம் அரசிடம் கேட்டது யாது? அது ஏன் இத்துணைப் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண முயல்வோம்.

1. 'மக்கள்', 'குடிமகன்': இரு சொற்கள்

சீன அரசியல் வழக்கில் இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒன்று 'ரென்மின்', இதனை 'மக்கள்' எனலாம். நாட்டின் பெயரிலும், பேராயத்தின் பெயரிலும், படையின் பெயரிலும், நாளிதழின் பெயரிலும் இச்சொல்லே இடம்பெறுகிறது. இது ஒரு தொகுதியைக் குறிக்கும் சொல். இத்தொகுதியில் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பதை 1949ஆம் ஆண்டிலேயே மா சே துங் வரையறுத்துக் கூறினார். தொழிலாளரும் உழவரும் அவரோடு சேர்ந்த சில வகுப்பினரும் மக்கள்; எதிர்ப்புரட்சியாளர் மக்களல்லர்; அவர்களுக்குப் பேச்சுரிமையும் இல்லை என்பது அவர் கொள்கை.

மற்றொரு சொல் 'கோங்மின்'; இது 'குடிமகன்' என்பதற்கு நிகரானது. 1982ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், சீன நாட்டுரிமை பெற்ற அனைவரும் குடிமக்கள் என்றும், அவர்கள் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்றும் 33ஆம் பிரிவில் கூறுகிறது. 35ஆம் பிரிவு பேச்சுரிமையையும் எழுத்துரிமையையும், 37ஆம் பிரிவு தனிமனித விடுதலையையும் அளிக்கின்றன. எந்த அரசு உறுப்பையும் எந்த அரசு அலுவலரையும் குறைகூறித் திருத்தம் சொல்லும் உரிமை 41ஆம் பிரிவில் காணப்படுகிறது. ஆகவே, குறைகூறும் குடிமகன் சட்டத்துக்குப் புறம்பானவன் அல்லன். சட்டமே அவனுக்கு இடமளிக்கிறது. சூ ஜியோங்கின் வாதம் முழுவதும் இந்த அடிப்படையிலேயே எழுந்தது.

2. 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1958ஆம் ஆண்டு முதல் சீனாவில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓரூரில் பதிவு செய்யப்பட்டிருக்கின்றனர். 'ஹுக்கோ' எனப்படும் இப்பதிவைப் பொறுத்தே பிள்ளைகளின் கல்வியும் பிற நலன்களும் கிடைக்கும். பிழைப்புத் தேடி வேற்று நகருக்குச் செல்பவர் அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் அயலாராகவே எண்ணப்பட்டனர். வீடற்றோரையும் இரந்துண்போரையும் நகரிலிருந்து அகற்றி ஊருக்கு அனுப்பவென 1982ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒரு விதியை இயற்றியது. நாளடைவில், அனுமதிச் சீட்டின்றி நகரில் காணப்படும் எவரையும் விசாரணையின்றி அடைத்துவைக்க அவ்விதி பயன்பட்டது.

2003ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், குவாங்சோ நகரில் சுன் ஜிகாங் என்னும் 27 வயது இளைஞர் இவ்வாறு பிடிக்கப்பட்டார். அவர் கல்லூரிக் கல்வி பெற்ற வடிவமைப்பாளர். தற்காலிகக் குடியிருப்புச் சீட்டு அவரிடம் இல்லாதது ஒன்றே காரணம். மூன்று நாட்களுக்குப் பின் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 25ஆம் நாள் அந்நகரின் நாளிதழ் ஒன்று இதனை வெளியிட்டபோது நாடெங்கும் பெரும் கொதிப்பு எழுந்தது.

மே மாதத்தில் சூ ஜியோங்கும், தெங் பியாவ், யூ ஜியாங் என்னும் வேறிரு சட்ட அறிஞர்களும் தேசிய மக்கள் பேராயத்தின் நிலைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். அதன் வாதம் எளியது. ஒருவரின் விடுதலையைப் பறிக்கப் பேராயம் இயற்றிய சட்டம் வேண்டும். அமைச்சரவையின் விதி போதாது. ஆகவே 1982ஆம் ஆண்டு விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது. நிலைக்குழு அதனை ஆராய்ந்து முடிவு கூறவேண்டும் என்பதே அது. ஜூன் மாதத்தில் அமைச்சரவை தானே முன்வந்து அவ்விதியை நீக்கியது. ஆகஸ்டு முதல் நாள் அது வழக்கொழிந்தது.

இது பெரும் நன்மையே. எனினும் இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விதியை இயற்றியவர்களே அதனைத் திரும்பப் பெற்றனர். அரசியல் சட்டம் அரசைக் கட்டுப்படுத்துமா என்ற வினாவுக்கு நிலைக்குழு தீர்ப்பேதும் அளிக்கவில்லை. ஒரு கொடுமை நீங்கிற்று. அதனை நீக்கும்படி கேட்கும் உரிமையோ நிலைநாட்டப்படவில்லை.

3. அவர் சுட்டிக்காட்டிய குறைகள்

அதன்பின் சூ ஜியோங் மூன்று துறைகளில் தம் கருத்தைச் செலுத்தினார்.

முதலாவது, முறையீட்டு முறை. அநீதிக்குள்ளானவர் மேலலுவலகத்துக்கு மனுக்கொடுப்பது சீனாவில் நெடுங்கால வழக்கம். ஆனால் ஒரு வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் தலைநகருக்கு முறையிட வந்தனர் என்பதைக் கணக்கிட்டு, அவ்வட்டார அலுவலர்களை மதிப்பிடும் ஏற்பாடு 2013ஆம் ஆண்டு வரை இருந்தது. விளைவு யாது? அலுவலர்கள் குறையைத் தீர்ப்பதை விட்டு, முறையிடுவோரைத் தடுப்பதில் முனைந்தனர். பெய்ஜிங்கில் விடுதி அறைகளில் அவர்களை அடைத்துவைத்தனர். 'கறுப்புச் சிறைகள்' எனப்பட்ட இவ்விடங்களுக்குச் சூ ஜியோங் நேரில் சென்று, நடப்பதை வெளிப்படுத்தினார். குற்றம் சாட்டப்பட்டவரின் மேலதிகாரியே நீதிபதியாக இருக்குமிடத்தில் முறையீடு பயன்தராது. ஆகவே கட்சியின் பிடியிலிருந்து விடுபட்ட நீதிமன்றம் வேண்டும் என்பது அவர் முடிவு.

இரண்டாவது, கல்வி. நகரில் வளர்ந்த பிள்ளையும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத் தன் பதிவூரிலேயே எழுதவேண்டும் என்ற விதியை மாற்றும்படி, பெற்றோரோடு சேர்ந்து அவர் மீண்டும் மீண்டும் மனுச்செய்தார். 2012ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் இவ்விதியைத் தளர்த்த முன்வந்தன. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற மாநகரங்களில் மட்டும் கட்டுப்பாடு பெரிதும் நிலைத்தது.

மூன்றாவது, அலுவலரின் சொத்து. உயர்பதவியில் இருப்போர் தம் உடைமையை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்று அவரும் நண்பர்களும் கோரினர்.

2012ஆம் ஆண்டில் இம்முயற்சிகள் 'புதிய குடிமக்கள் இயக்கம்' என்னும் பெயர் பெற்றன. அது ஒரு கட்சியன்று. பல நகரங்களில் குடிமக்கள் மாதந்தோறும் ஒன்றுகூடி உணவருந்திப் பொதுச் செய்திகளை உரையாடினர். 'குடிமகன்' என்ற சொல் பொறித்த சின்னத்தை அணிந்தனர். சட்டத்தில் எழுதப்பட்டதை வாழ்க்கையில் மேற்கொள்வதே அவர்கள் கொள்கை.

4. அரசின் மறுமொழி

அரசின் பக்கமும் நியாயமாக நோக்கப்படவேண்டும். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையினின்று மீண்டனர் என உலக வங்கி கணக்கிட்டுள்ளது. நீதிமன்ற விசாரணையின்றி மனிதரை உழைப்பு முகாமுக்கு அனுப்பும் முறை 2013ஆம் ஆண்டு இறுதியில் ஒழிக்கப்பட்டது. சிறு நகரங்களில் ஹுக்கோ விதிகள் தளர்ந்துள்ளன. நிலைத்த ஆட்சியின்றி இவை கைகூடியிரா என்று அரசு வாதிடுகிறது. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் மேலிருந்து அளிக்கப்படுவது மேலிருந்தே எடுக்கப்படவும் கூடும். 2013ஆம் ஆண்டில் கட்சியின் உள்வட்ட அறிக்கை ஒன்று, அரசியல் சட்ட ஆட்சி, குடிமைச் சமுதாயம், இதழியல் விடுதலை ஆகியவற்றைப் பற்றிய கருத்துகளை ஆபத்தானவை என எச்சரித்தது. 2014 ஜனவரியில் சூ ஜியோங்குக்கு, கூட்டம் சேர்த்துப் பொது ஒழுங்கைக் குலைத்த குற்றத்திற்கென 4 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் இருமுறைக்குமேல் தொடர்ந்து பதவி வகிக்கலாகாது என 1982ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட வரம்பு, 2018ஆம் ஆண்டு மார்ச்சில் 2,958 வாக்குகள் ஆதரவாகவும் 2 எதிராகவும் பதிவாகி நீக்கப்பட்டது. அதே திருத்தம், கட்சியின் தலைமையை அரசியல் சட்டத்தின் முதற்பிரிவிலேயே சேர்த்தது.

2020 பிப்ரவரியில், கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த வேளையில், ஷி ஜின்பிங் பதவி விலகவேண்டும் என்று கேட்டுச் சூ ஜியோங் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே, 2019 டிசம்பரில் அமோய் நகரில் நண்பர்களுடன் அவர் கூடிப்பேசியதைக் காரணமாகக் கொண்டு காவல்துறை அவரைத் தேடிவந்தது. 2020 பிப்ரவரியிலேயே அவர் பிடிபட்டார். 2022 ஜூனில் மூடிய அறையில் வழக்கு நடந்தது. அரசைக் கவிழ்க்க முயன்றதாக அவருக்கு 14 ஆண்டும், உடனிருந்த வழக்கறிஞர் திங் ஜியாசிக்கு 12 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது.

5. மதிப்பீடு

சூ ஜியோங்கின் வழியைக் குறித்து ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. சீன நீதிமன்றங்கள் அரசியல் சட்டப் பிரிவுகளை அடிப்படையாக வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை; கட்சியின் தலைமையை நிலைநிறுத்தும் சட்டத்திடம் கட்சியைக் கட்டுப்படுத்தும்படி கேட்பது வீண் என்பது அத்தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், எழுதப்பட்ட உரிமையை எவரும் கேளாதிருப்பின் அது என்றும் எழுத்தாகவே இருந்துவிடும். கேட்டவர்கள் இருந்ததனாலேயே 2003ஆம் ஆண்டில் ஒரு கொடுமை நீங்கியது.

அவர் வேண்டிய சீர்திருத்தங்களைத் தொகுத்து நோக்கினால், புதிய உரிமைகளை அவர் அதிகமாகக் கேட்கவில்லை என்பது புலனாகும். உள்ள உரிமை ஆள்வோரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அவர் கோரிக்கையின் சாரம். நல்லாட்சியாளர் மனமிரங்கிச் செய்யும் நன்மைக்கும், குடிமகன் உரிமையோடு பெறும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதை அளிக்கச் சீன அரசு பலமுறை ஆயத்தமாயிருந்தது. பின்னதைக் கேட்டவருக்கே 14 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.