நடந்து போனாலும் எல்லை எல்லைதான்: இ-பாஸ் காலம் நமக்குச் சொல்லித்தந்தது

பூதலூரில் இருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் திருச்சி மாவட்டம் வந்துவிடும். வழக்கமான நாட்களில் அந்த எல்லை யார் கண்ணுக்கும் தெரியாது. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் எல்லாம் ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறிப் போய் வந்துகொண்டே இருப்பார்கள். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு அந்த எல்லை திடீரென்று நிஜமானது. தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு வந்தது, மாவட்ட எல்லைகள் மூடப்பட்டன. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன.

அப்போது ஊரில் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "வண்டிக்குத்தானே பாஸ்? நான் நடந்தே போயிடறேனே, எனக்கு எதுக்கு?"

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். இ-பாஸ் விண்ணப்பத்தில் வாகன எண் கேட்டார்கள், சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். அதனால் பாஸ் என்றாலே வண்டிக்கு என்ற எண்ணம் பதிந்துவிட்டது. ஆனால் பதில் "நடந்து போனாலும் பாஸ் வேண்டும்" என்பதுதான். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு இப்படி ஒரு நிலைமை மறுபடி வந்தாலும் நீங்கள் எல்லையில் தவிக்க வேண்டியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டுப்பாடுகளுக்கு முக்கிய அடிப்படையாக இருந்தது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 34-ஆவது பிரிவு மாவட்ட நிர்வாகத்துக்கு இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியாகக் கொடுக்கிறது. ஒன்று, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வரும், போகும் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்று, அந்தப் பகுதிக்குள் எந்த ஒரு நபரும் நுழைவதை, நடமாடுவதை, வெளியேறுவதைக் கட்டுப்படுத்துவது.

இந்த இரண்டாவதில் வண்டி என்ற பேச்சே இல்லை. நபர் என்றுதான் இருக்கிறது. தொற்று பரவுவது மனிதர் மூலம்தான் என்பதால், பைக்கில் போனாலும் வரப்பில் நடந்து போனாலும் எல்லையைக் கடப்பவர் அந்த நபரே. உத்தரவை மீறினால் அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

விவசாய வேலைக்கு என்ன வழி?

டெல்டாவில் இதுதான் பெரிய கவலையாக இருந்தது. வயல் ஒரு மாவட்டத்தில், வீடு இன்னொரு மாவட்டத்தில் என்று இருப்பவர்கள் எல்லையோர ஊர்களில் நிறைய. 2020 மார்ச் 27 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஊரடங்கு விதிகளில் ஒரு சேர்க்கையை வெளியிட்டது. வயலில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் செய்யும் வேலைகளுக்கு அதில் விலக்கு தரப்பட்டது. அறுவடை இயந்திரங்கள் மாநிலத்துக்கு உள்ளேயும், மாநிலம் விட்டு மாநிலமும் போகலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது, ஊரடங்குக்கு நடுவிலும் நடவு வேலை நடக்க முடிந்ததற்கு இந்த விலக்கும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். விலக்கு என்பது வேலைக்குத் தரப்பட்டது. வயலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, அப்படியே உறவினர் வீட்டுக்குப் போனால் அந்தப் பயணத்துக்கு விலக்கு பொருந்தாது. வழியில் கேட்டால் காட்ட, அடையாள அட்டையோடு சிட்டா நகலோ, உழவர் உற்பத்தியாளர் குழு அட்டையோ கையில் இருப்பது நல்லது.

விதி எத்தனை முறை மாறியது?

தஞ்சாவூர், திருச்சி எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டாலே விதி பலமுறை மாறியிருக்கிறது.

2020 மே 31 வரை: மாவட்டம் விட்டு மாவட்டம் போக பாஸ் வேண்டும். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் இறப்பு, திருமணம் போன்ற காரணங்களே ஏற்கப்பட்டன.

2020 ஜூன் 1 முதல் 24 வரை: மாநிலம் 8 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. தஞ்சாவூரும் திருச்சியும் நான்காவது மண்டலத்தில் ஒன்றாக இருந்ததால் இரண்டுக்கும் இடையே பாஸ் தேவைப்படவில்லை.

2020 ஜூன் 25 முதல்: மண்டல முறை நிறுத்தப்பட்டது, மறுபடியும் பாஸ்.

2020 ஆகஸ்ட் 17 முதல்: ஆதார் அல்லது குடும்ப அட்டை விவரம், கைபேசி எண் ஆகியவற்றோடு விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனடி பாஸ்.

2020 செப்டம்பர் 1 முதல்: மாநிலத்துக்குள் மாவட்டங்களுக்கு இடையே பொதுவாக பாஸ் இல்லை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு மட்டும் தொடர்ந்தது.

2021 மே 17 முதல்: இரண்டாம் அலையில் இ-பதிவு முறை வந்தது.

2021 ஜூலை 5 முதல்: மாவட்டங்களுக்கு இடையே இ-பாஸ், இ-பதிவு இரண்டும் தேவையில்லை.

இ-பாஸும் இ-பதிவும் ஒன்றல்ல. இ-பாஸில் நீங்கள் விண்ணப்பிப்பீர்கள், அதிகாரி பார்த்து அனுமதி தருவார், அல்லது மறுப்பார். இ-பதிவில் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். விவரங்களைப் பதிந்து, ஆதாரத்தை ஏற்றி, அந்தப் பதிவோடு கிளம்பலாம். வழியில் சோதிக்கும்போது ஆதாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2020-இல் பாஸ் வாங்கியவர்களில் பலர் 2021-லும் "அனுமதி வரட்டும்" என்று காத்திருந்தார்கள். விதியின் பெயர் மாறினால் நடைமுறையும் மாறியிருக்கலாம், அதைப் பார்த்துவிடுங்கள்.

எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே விதி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் சலூன் திறப்பது உள்ளிட்ட தளர்வுகள் வந்தன. திருச்சி அதில் இருந்தது. தொற்று அதிகமாக இருந்த 11 மாவட்டங்களுக்கு அந்தத் தளர்வுகள் இல்லை. தஞ்சாவூர் இந்த 11-இல் ஒன்று. பக்கத்து ஊர்க்காரர் சொல்வது அவர் ஊருக்குச் சரியாக இருக்கும், உங்கள் ஊருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

மாநில எல்லை என்றால் இரண்டு அரசுகள்

மாவட்ட எல்லையில் ஒரே அரசின் விதி. மாநில எல்லையில் இரண்டு அரசுகளின் விதி. இதை வாளையாறு சோதனைச் சாவடி எல்லோருக்கும் புரியவைத்தது. 2020 மே மாதத்தில் தமிழ்நாட்டில் இருந்து கேரளாவுக்குத் திரும்பிய பலர், அந்த மாநிலத்தின் பாஸ் இல்லாமல் அங்கே வந்து சிக்கிக்கொண்டார்கள். வெயிலில் நின்றவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. கிளம்பும் மாநிலம் விட்டாலும், சேரும் மாநிலம் ஏற்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கி நடந்தால் மட்டும் அந்தத் தேவை போய்விடாது.

நாட்டு எல்லையில் இன்னும் ஒரு படி மேலே. நம் டெல்டா மாவட்டங்களில் இருந்து சிங்கப்பூர், மலேசியா போனவர்கள் இல்லாத ஊரே இல்லை என்பதால் இது உங்களுக்குப் பழக்கமான இடம்தான். சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே இருக்கும் கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். 2020 மார்ச் 18-இல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தபோது, தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனவர்கள் குடும்பம் ஒரு பக்கம், தாங்கள் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தபோதும், குறிப்பிட்ட பேருந்துகளில் மட்டுமே போக முடிந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் நடக்க முடியாது. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் எல்லை முழுமையாகத் திறந்த பிறகுதான் மக்கள் நடந்தே கடந்தார்கள். சில எல்லைகளில் எப்படிக் கடக்கிறீர்கள் என்பதே ஒரு நிபந்தனையாக இருக்கும் என்பதற்கு இது உதாரணம்.

தண்டவாளம் குறுக்கு வழி இல்லை

பூதலூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருச்சி ரயில் பாதை ஊர் வழியாகத்தான் போகிறது. சாலையில் சோதனை இருந்தால் "ரயில்தான் ஓடலையே, தண்டவாளம் வழியா போயிடலாம்" என்று தோன்றும். பயணிகள் ரயில் நின்றபோதும் அரிசி, நெல், உரம், நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில்கள் நாடு முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2020 மே 8 அதிகாலை மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்து போன தொழிலாளர்கள் களைப்பில் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். ரயில் வராது என்று நினைத்திருந்தார்கள். பாஸ் கிடைக்காத கோபத்தில்கூட இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மறுபடி இப்படி வந்தால் என்ன செய்யலாம்?

1. ஆணையை நீங்களே படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்ப வேண்டாம். ஆணையில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த எல்லைக்கு, யாருக்கு (வண்டிக்கா, நபருக்கா), என்னென்ன காரணங்களுக்கு, எந்தத் தேதி வரை.

2. ஆவணங்களை இப்போதே போனில் வைத்திருங்கள். ஆதார், குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை டிஜிலாக்கரில் சேர்த்துவிடலாம். வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால், மருத்துவரின் கடிதத்தையும் அடுத்த வருகைத் தேதியையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். எழுத்து மங்கலாக இருக்கும் படம் எங்கேயும் உதவாது.

3. காரணத்துக்கு ஏற்ற ஆதாரத்தை ஏற்றுங்கள். சிகிச்சைக்குப் போகிறவர் ஆஸ்பத்திரிச் சீட்டை ஏற்ற வேண்டும். திருமணத்துக்குப் போகிறவர் பத்திரிகையை ஏற்ற வேண்டும். ஆதார் அட்டை நீங்கள் யார் என்பதைத்தான் சொல்லும், ஏன் போகிறீர்கள் என்பதைச் சொல்லாது.

4. திரும்பி வருவதையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். போவதற்கு மட்டும் பாஸ் வாங்கினால், திரும்பும்போது அதே எல்லையில் மறுபடி கேள்வி வரும்.

5. க்யூஆர் கோடு உள்ள பாஸைப் போனில் பதிவிறக்கி வையுங்கள். வயல்வெளியில் சிக்னல் இல்லாமல் போகலாம். முடிந்தால் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அரசின் இ-பாஸ் இலவசமாகவே தரப்பட்டது. 2020-இல் பணம் வாங்கிக்கொண்டு போலி பாஸ் தயாரித்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். போலி பாஸோடு எல்லையில் மாட்டினால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

7. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு உதவுங்கள். ஒரே எண்ணில் குடும்பத்தினரைச் சேர்த்து விண்ணப்பிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். எல்லையை நடந்து கடக்க நினைப்பவர்களில் பலர் வண்டியும் போனும் இல்லாதவர்கள்தான்.

உயிர் காக்கும் அவசரம் என்றால் விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸுக்கு எல்லை தடையில்லை. மற்ற பேரிடர் கால உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மருத்துவ ஆலோசனைக்கு 104.

இப்போதும் இ-பாஸ் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. மலைப்பாதையில் வாகன நெரிசலைக் கட்டுப்படுத்துவது இதன் நோக்கம். ஆகவே இது வாகனத்துக்கான பாஸ். அரசுப் பேருந்தில் ஊட்டி போகிறவருக்கு இது தேவையில்லை. சொந்தக் காரில் போகிறவர் கிளம்பும் முன் போனிலேயே விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் ஒன்றுதான், ஆனால் 2020-இல் வந்தது நபரைக் கட்டுப்படுத்தியது, 2024-இல் வந்தது வண்டியைக் கட்டுப்படுத்துகிறது. அடுத்த முறை "பாஸ் வேணும்" என்று யாராவது சொன்னால், "யாருக்கு, எதுக்கு?" என்று முதலில் கேளுங்கள். பதில் ஆணையிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.