ஜனாதிபதியைத் தடுத்த 6 நீதிபதிகள்

ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார் ட்ரூமன்

1952-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி இரவு. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசினார்.

"உருக்கு ஆலைகளை சர்க்கார் எடுத்துக்கொள்கிறது" என்று அறிவித்தார்.

காரணம் என்ன?

அப்போது கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக்கும் டாங்கிக்கும் உருக்கு வேண்டும். ஆனால், உருக்கு ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு, அன்று நள்ளிரவு முதல் வேலை நிறுத்தம் செய்ய இருந்தார்கள். முதலாளிகளோடு நடந்த பேச்சு முறிந்துவிட்டது.

போர்முனையில் நிற்கும் வீரனுக்கு ஆயுதம் கிடைக்காமல் போகலாமா? இதுதான் ட்ரூமனின் கேள்வி.

வழக்கு

முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். "எங்கள் ஆலையைப் பறிக்க எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி.

அப்படி ஒரு சட்டம் இல்லை! அமெரிக்காவின் பாராளுமன்றத்துக்கு "காங்கிரஸ்" என்று பெயர். தொழில் தகராறுகளில் ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை சர்க்காருக்குக் கொடுக்கலாமா என்று 1947-ம் ஆண்டிலேயே அது யோசித்தது. கொடுக்கவில்லை. வேலை நிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட கோர்ட்டை நாடலாம் என்று மட்டும் வழி செய்தது. அந்த வழியில் ட்ரூமன் போகவில்லை.

மூன்று கைகள்

சட்டம் போடுகிறவரும் ஒருவரே. அதைக் காட்டிப் பிடிக்கிறவரும் அவரே. தண்டனை கொடுக்கிறவரும் அவரே என்றால், குடிமகன் யாரிடம் போய் முறையிடுவான்?

மாண்டெஸ்கியூ என்ற பிரெஞ்சு அறிஞர் 1748-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த ஆபத்தை எடுத்துக் காட்டினார். 1787-ம் ஆண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அதை மனதில் வைத்தார்கள். சட்டம் போடுவது காங்கிரஸ். நிறைவேற்றுவது ஜனாதிபதி. வழக்கைத் தீர்ப்பது கோர்ட்டு. அதிகாரம் மூன்று கைகளில் பிரிந்தது.

தீர்ப்பு

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அங்கே 9 நீதிபதிகள். அவர்களில் 4 பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். மற்ற 5 பேரை நியமித்தவர், ட்ரூமனின் கட்சியைச் சேர்ந்த முந்தைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்.

ஜனாதிபதிதான் ஜெயிப்பார் என்று நினைக்கத் தோன்றும் அல்லவா?

ஜூன் 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. 6 பேர் ட்ரூமனுக்கு எதிராகவும், 3 பேர் ஆதரவாகவும் தீர்ப்பு அளித்தார்கள். எதிர்த்த 6 பேரில் இருவர் ட்ரூமன் நியமித்தவர்கள்! அதிலும் ஒருவர், அவரிடம் அட்டர்னி ஜெனரலாக வேலை பார்த்த டாம் கிளார்க்.

"ஜனாதிபதி படைகளின் தலைவர்தான். அதற்காக, நாட்டுக்குள் இருக்கும் ஆலைகளை எடுத்துக்கொள்ள முடியாது. அப்படிச் செய்வது சட்டம் போடுவதற்குச் சமம். அது காங்கிரசின் வேலை" என்பது நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம்.

இந்தத் துணிச்சல் எப்படி வந்தது? அங்கே நீதிபதிகளை நியமிக்க ஜனாதிபதியால் முடியும், நீக்க முடியாது. அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது.

பிறகு?

ட்ரூமனுக்கு மனவருத்தம்தான். ஆனாலும் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 50 நாட்களுக்கு மேல் நீடித்து, ஜூலை மாதக் கடைசியில் முடிந்தது.

தீர்ப்பு எழுதிய பிளாக், அதன்பின் ட்ரூமனைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். ட்ரூமனும் போனார்!