சேற்றுப் போர்வைக்குள் ஓர் ஊர்

ஒருகொடவத்தையில் அடுக்கி நிற்கும் கொன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, யாருக்கு வந்தது என்று கடதாசி உண்டு. அவற்றைச் சுமந்துவரும் கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு கடல் கடக்கும் பயணிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அழுக்கென்று சுரண்டி எறியப்படும் அந்தப் படையில் அசிடியன் என்ற விலங்கும் சேர்த்தி. தொட்டால் சுருங்கி நீரைப் பீய்ச்சும். கடற்பீச்சி என்று அழைத்தால் பொருந்தும்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், தூத்துக்குடித் துறைமுகத்தில், டிடெம்னம் சம்மடோடெஸ் என்ற இனம் ஏராளம். பார்ப்பவருக்கு அது தூணில் அப்பிய சேறு. உருப்பெருக்கியின் கீழே அதே சேறு ஓர் ஊராகிவிடும். குடியிருப்பவை மில்லிமீற்றர் கணக்கில் அளக்கவேண்டிய சிற்றுயிர்கள். ஒவ்வொன்றுக்கும் வாய் தனி, குடல் தனி, இதயம் தனி. அந்த இதயம் சற்று நேரம் ஒரு பக்கமாக இரத்தத்தைத் தள்ளும். பிறகு நின்று, எதிர்ப்பக்கமாகத் தள்ளும்!

வாயால் இழுத்த நீர் நான்கு வரிசைத் துளைகள் கொண்ட செவுள் சல்லடையில் வடியும். நுண்ணிய உணவு சளி வலையில் சிக்கும். வடிந்த நீரை மட்டும் எவரும் தனியாக வெளியேற்றுவதில்லை. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கான்போல, ஊரை மூடிய போர்வைக்குள் ஒரு பொதுக் கான் ஓடுகிறது. எல்லாருடைய கழிவுநீரும் அதில் சேர்ந்து பொதுத் துவாரத்தால் வேகமாகப் பாயும். தனித்தனியே மெல்லக் கசிந்தால் அயல்வாய் அதையே மறுபடி உறிஞ்சும் அல்லவா?

சேற்று நிறத்துக்குக் காரணம் இன்னும் வியப்பானது. தம் எச்ச உருண்டைகளையே இவை போர்வைக்குள் நெருக்கிப் பொதித்து வைக்கின்றன. அந்தப் போர்வையில் செல்லுலோஸ் உண்டு. மரஞ்செடிகளின் அந்தப் பொருளைத் தாமே உண்டாக்கும் விலங்குகள் இந்தக் குலத்தார் மட்டுமே.

குஞ்சோ தலைப்பிரட்டை வடிவில் நீந்தும். அதன் வாலில் முதுகுநாண் இருப்பதை 1866இல் ரஷ்ய அறிஞர் கோவலெவ்ஸ்கி விளக்கிய பின்பே, இது சிப்பிக்கு உறவல்ல, முதுகெலும்புள்ள நமக்கே உறவு என்று தெரியவந்தது. சிறிது நேரம் நீந்திய குஞ்சு தலையால் ஒட்டிக்கொள்ளும். வால் உடலுக்குள் கரையும். பிறகு அரும்பி அரும்பி ஊர் பெருகும்.

நன்னீரில் அசிடியன் எதுவும் வாழாது. முகத்துவாரத்தில் களனி கங்கை கலக்கும் இடத்திலிருந்து மேலே, ஆற்றில் தேடிப் பயனில்லை. துறைமுகத் தூண், கயிறு, சிப்பி ஓடு, கல்லின் நிழலான அடிப்பக்கம் இவற்றின் இடங்கள். வெள்ளவத்தையில் வற்றுநேரம் பாறைக்கு இறங்குகிறவர்கள் ஒரு கல்லைப் புரட்டினால், பார்த்த பிறகு அதை இருந்தபடியே கவிழ்த்துவிட வேண்டும்; வெயில்பட்டால் அடியிலுள்ள ஊர் காய்ந்துபோகும்.