பல்கலைக்கழகத்தின் இணைய வாசல்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகியதும், மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் பல தோட்ட இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது: "இந்தப் புள்ளிக்கு எங்கே, எதைப் படிக்கலாம்?" கொழுந்து பறித்துத் திரும்பிய தாய்க்கு அதற்கு விடை தெரியாது. மகளோ கைத்தொலைபேசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தைத் திறக்கின்றாள். அங்கே முதலில் தோன்றுவன யாவை? துணைவேந்தரின் செய்தி, பட்டமளிப்பு விழாப் படங்கள், கருத்தரங்கு அறிவித்தல்கள். கோயிலுக்கு வருவோர் தேடுவது மூலஸ்தானத்தையே அன்றித் தர்மகர்த்தாக்களின் படவரிசையை அன்று.

ராண்டல் மன்றோ என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் 2010ஆம் ஆண்டிலே இக்குறையை இரு வட்டங்கள் வரைந்து நகையாடினார். ஒன்றிலே பல்கலைக்கழகத் தளங்களின் முகப்பில் உள்ளவை. மற்றதிலே மக்கள் தேடி வருபவை. விண்ணப்பப் படிவமும் பாடநெறிப் பட்டியலும் இரண்டாம் வட்டத்திலேயே கிடந்தன. இரண்டுக்கும் பொதுவாயிருந்தது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் மட்டுமே!

நம் நாட்டில் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. இங்கே அனுமதி பெரும்பாலும் மாவட்ட அடிப்படையில் அமைந்தது. கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. நுவரெலியா அவற்றுள் ஒன்று. ஆகவே கொழும்பு மாணவிக்குரிய வெட்டுப்புள்ளி ஹட்டன் மாணவிக்கு உரியதன்று. பாடப்பிரிவு, மாவட்டம், இசட் புள்ளி ஆகிய மூன்றையும் பெற்றுக்கொண்டு, சென்ற ஆண்டுகளில் அப்புள்ளிக்குக் கிடைத்த நெறிகளை உடனே காட்டும் பக்கமொன்று முகப்பிலேயே இருத்தல் வேண்டும். போதனாமொழி எது, விடுதி உண்டா, மகாபொல உதவியை எவ்வாறு பெறுவது? கல்லூரியிற் கற்பிக்கும் நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கப்படுவன இவையே. விருப்பவரிசையைத் தவறாக நிரப்பினால், பெற்ற புள்ளியின் பயனே மாறிவிடக்கூடும்.

பிரித்தானிய அரசாங்கம் 2012 ஒக்டோபரில் தன் பொது இணையத்தளத்தைத் தொடங்கியபோது, திணைக்கள வரிசையைப் பார்க்காமல், வருபவரின் தேவையையே முதல் விதியாகக் கொண்டது. இங்கும் வழி கடினமன்று. அலுவலகத் தொலைபேசியில் ஒரு மாதம் வரும் கேள்விகளை எழுதி வைத்தாலே புதிய முகப்பின் பாதி உருவாகிவிடும். பின்னர் ஐந்து மாணவர்களை அழைத்துத் தளத்தைத் திறக்கச் சொல்லி, வாய்திறவாது பார்த்திருக்கட்டும். அவர்கள் விரல் தயங்கும் இடமே திருத்தவேண்டிய இடம். (பேராசிரியர்களுக்கு வாய்திறவாதிருப்பதுதான் சற்றுக் கடினம்.)

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் சில தளங்களிலே தமிழ் முகப்போடு நின்றுவிடுகின்றது. உள்ளே செல்லச் செல்ல ஆங்கிலமே. முழுவதையும் தமிழாக்கக் காலம் பிடிக்கலாம். ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதியைப் படமாக ஒட்டாமல், அலைவரிசை மெலிந்த மலைச்சரிவிலும் விரைவில் தோன்றும்படி தமிழ் எழுத்தில் இடுவதை நாளையே செய்யலாம். அதற்குக் குழுவும் வேண்டா, நிதியும் வேண்டா.