கேலிக்கு நிறுத்தினார்கள்... மேயராகிவிட்டார்!

1887 ஏப்ரல் 4. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், அர்கோனியா என்ற குட்டி ஊரில் மேயர் தேர்தல். வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார் 27 வயது சூசன்னா சால்டர். வாசலில் குடியரசுக் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். 'ஜெயித்தால் பதவியேற்பீர்களா?' என்று கேட்டார்கள். வாக்குச்சீட்டில் தன் பெயர் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும்!

கான்சாஸ் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்து சில வாரங்களே ஆகியிருந்தன. மதுவிலக்குக்காகக் குரல் கொடுத்த பெண்கள் சங்கத்தை மட்டம் தட்ட வேண்டும். அதற்காக, சங்க உறுப்பினரான சூசன்னாவின் பெயரை ஊர் ஆண்கள் சிலர் ரகசியமாகச் சேர்த்துவிட்டார்கள். சங்கத்துப் பெண்களைத் தவிர வேறு யார் ஓட்டுப் போடப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

சூசன்னா தயங்கவில்லை. 'ஏற்பேன்' என்றார். எண்ணிப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவருக்கே! அமெரிக்காவில் மேயர் நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்த ஊரின் முதல் மேயரே சூசன்னாவின் அப்பா ஆலிவர் கின்சிதான். கேலி செய்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள் போலும்!

பதவியில் இருந்தபோதே ஒரு குழந்தையையும் பெற்றெடுத்தார். ஓர் ஆண்டு முடிந்ததும், மறுபடி நிற்க மறுத்துவிட்டார். 1961-ல் காலமானபோது அவருக்கு வயது 101.

மேயர் வேலைக்குச் சம்பளம்? வருடத்துக்கு ஒரே ஒரு டாலர்!