கலைமாமணி லிஸ்ட்டும் பத்து ரூபாய் ஸ்டாம்ப்பும்

கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின்ல போயிருக்கீங்களா பாஸ்? எண்ணூர் தாண்டினதும் ஜன்னல் பக்கம் பார்த்தா ஒரே புகைபோக்கியா தெரியும். அதுல எங்க ஊர் வள்ளூர் அனல்மின் நிலையமும் ஒண்ணு. மூணு யூனிட், மொத்தம் 1,500 மெகாவாட். ஊர் பேரைச் சொன்னாலே, 'அங்க சாம்பலைத் தவிர வேற என்ன இருக்கு?'னு காலேஜ்ல கலாய்ப்பாங்க. கூத்து இருக்கு மச்சி! திருவிழா வந்தா விடிய விடிய இருக்கு.

அந்தக் கூத்து வாத்தியார் ஒருத்தர்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். 2025 செப்டம்பர்ல 2021, 2022, 2023-ம் வருஷத்துக்கான கலைமாமணி விருதுகளை மொத்தமா அறிவிச்சாங்க. 90 பேர். டீக்கடையில பேப்பரை ரெண்டு தடவை படிச்சிட்டு என்கிட்ட கேட்டாரு: "இதுக்கு இன்னா தம்பி, அப்ளிகேஷன் எங்க குடுக்கணும்? யாரு பார்த்து எடுக்கறாங்க?"

இன்ஜினீயரிங் படிக்கிற பையன், எல்லாம் தெரியும்னு நம்பிக் கேட்டுட்டாரு. நான் திருதிருன்னு முழிச்சேன்.

அப்புறம் தேடிப் பார்த்ததுல தெரிஞ்சது இது. விருதைத் தர்றது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1955-ல ஆரம்பிச்ச அமைப்பு. விருது மட்டும் இல்லை, கலைஞர்களுக்கு நிதியுதவி மாதிரியான திட்டங்களும் இது வழியா நடக்குது. எல்லாம் அரசுப் பணம். அதாவது நீங்க வாங்குற ஜெராக்ஸ் பேப்பர்லேர்ந்து கட்டுற வரிப் பணம்!

வருஷா வருஷம் தரவேண்டிய விருது எப்படி வருதுன்னு பாருங்க. 2011 முதல் 2018 வரைக்குமான எட்டு வருஷ விருதை 2019-ல ஒரே மூச்சுல, 201 பேருக்குக் கொடுத்தாங்க. நம்ம அரியர் எல்லாம் ஜுஜுபி. அடுத்து 2021 பிப்ரவரியில கொடுத்த விருதுகள் கோர்ட்டுக்கே போச்சு. தகுதியைச் சரியா பார்க்காம அவசர அவசரமா கொடுத்துட்டாங்கன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில வழக்கு. ஒண்ணு ரெண்டு படத்துல நடிச்சவங்களுக்குக்கூட கலைமாமணி தர்றாங்களேன்னு 2022 டிசம்பர்ல நீதிபதிகளே அதிருப்தி தெரிவிச்சாங்க.

இதுல ஒரு சினிமா ஸ்டாரைப் பிடிச்சுத் திட்டுறது ரொம்ப ஈஸி. ஆனா மேட்டர் அது இல்லை. அவருக்கு ஏன் கொடுத்தாங்க, வாத்தியாருக்கு ஏன் இல்லைன்னு யாராவது காகிதத்துல எழுதி வெச்சிருக்காங்களா? அதுதான் கேள்வி.

'கலையை எப்படிப்பா அளக்க முடியும்? அது ரசனை'ன்னு சொல்வாங்க. கரெக்ட். ஆனா நம்ம வைவாவும் அப்படித்தானே? எக்ஸாமினர் மூடு எப்படியோ மார்க்கும் அப்படி. அதுக்காக மார்க் ஷீட்டே காட்ட மாட்டேன்னா விடுவோமா? நம்ம விடைத்தாளை நாமளே பார்க்கலாம்னு 2011-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு. தகவல் உரிமைச் சட்டத்துல ஸ்டூடன்ட்ஸ் ஜெயிச்ச கேஸ்! விடைத்தாளைத் திருத்துனவரோட மூளையை நாம கேட்கலை, பேப்பரைத்தான் கேட்டோம். கலை அமைப்புகள்கிட்டயும் அவ்வளவுதான் கேட்கிறோம். விதிமுறை என்ன, யார் விண்ணப்பிச்சாங்க, எதனால எடுத்தாங்க.

டெல்லியில இதைவிடப் பெரிய கதை நடந்துச்சு. ஓவியம், சிற்பத்துக்காக 1954-ல தொடங்கின லலித் கலா அகாடமி. அரசுப் பணம், ஆனா தன்னாட்சி. அமைச்சர் தலையிடக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான். 1972-ல நீதிபதி கோஸ்லா கமிட்டி, 1990-ல ஹக்சர் கமிட்டின்னு அகாடமிகளை ஆராய்ஞ்சு ரிப்போர்ட் மேல ரிப்போர்ட் வந்துச்சு. கடைசியில முறைகேடு புகார்கள் குவிஞ்சு, 2015 ஏப்ரல்ல மத்திய கலாசார அமைச்சகமே நிர்வாகத்தைக் கையில எடுத்துக்கிச்சு. இது எனக்குக் கொஞ்சம் பயமாவே இருக்கு பாஸ். கணக்கைத் தானே திறந்து காட்டாத அமைப்பை, 'நான் சரி பண்றேன்'னு அரசாங்கம் உள்ள வந்து எடுத்துக்குது. அப்புறம் அரசாங்கத்தைத் திட்டி ஒருத்தர் நாடகம் போட்டா நிதி கிடைக்குமா? கனடாவுல கலை கவுன்சில், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம்னு மட்டுமில்லை, தேர்வு செஞ்ச சக கலைஞர்கள் பேரையும் வெளியிடுது. அமைச்சரும் உள்ள வரலை, கணக்கும் வெளிய இருக்கு.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்லை. சொல்லப்போனா தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. 2005-ல வந்த மத்திய சட்டத்தோட 4-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மானியத் திட்டம் எப்படி நடக்குது, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் யார்னு யாரும் கேட்காமலே வெளியிடணும். ஒரு முடிவால பாதிக்கப்பட்டவருக்குக் காரணமும் சொல்லணும்.

ஆனா ஒரு சிக்கல். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தோட 8(1)(ஜெ) பிரிவை மாத்திடுச்சு. அந்த மாற்றம் 2025 நவம்பர்ல அமலுக்கு வந்தது. இனிமே பயனாளி பட்டியல் கேட்டா, 'அது தனிப்பட்ட தகவல்'னு ஒரே வரியில கதவைச் சாத்த வழி இருக்கு. அப்படிச் சொன்னா விட்டுடாதீங்க. பொதுநலன் பெருசுன்னா கொடுக்கலாம்னு சொல்ற 8(2) இன்னும் உயிரோடதான் இருக்கு. அப்பீல்ல அதைக் குறிப்பிடுங்க.

எங்க ஏரியாவுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. லாபம் பார்க்கிற பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்துல 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும்னு 2013 கம்பெனிகள் சட்டம் சொல்லுது. பாரம்பரியக் கலை வளர்ச்சியும் அந்த லிஸ்ட்ல இருக்கு! எந்தப் பணிக்குப் பணம்னு கம்பெனி வெப்சைட்லயே போடணும். புகைபோக்கி ஊர்க்காரங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க.

சரி, வாத்தியார் மேட்டருக்கு வருவோம். அவரும் நானும் உட்கார்ந்து மனு எழுதினோம். தமிழ்லயே எழுதலாம். எதுக்குக் கேட்கிறோம்னு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா தகவல் அலுவலரே எழுதிக்க உதவணும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் வரணும். வராட்டி முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். ஒரே டிப்ஸ்: 'ஏன் எனக்குத் தரலை?'னு எழுதாதீங்க. 'விதிமுறையின் நகல் தருக, கூட்டக் குறிப்பின் நகல் தருக'ன்னு ஆவணத்தைக் கேளுங்க.

நான் மூணு கேள்வி எழுதியிருந்தேன். விதிமுறை, விண்ணப்ப எண்ணிக்கை, தேர்வுக் குழு கூட்டக் குறிப்பு. படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கோ தம்பி. இதுவரைக்கும் எடுத்ததுல சினிமாக்காரங்க எத்தினி பேரு, கூத்துக்காரங்க எத்தினி பேரு. தனித்தனியா நம்பர் போட்டுத் தரச் சொல்லு."

சேர்த்துட்டேன். ஸ்பீட் போஸ்ட் ரசீது அவர் சட்டைப் பையில இருக்கு.