வால்வின் அடியில் நாலு எழுத்து

பெயர்த்தகடு இல்லாத பழைய வால்வு ஆம்ப்ளிபையர் கையில் கிடைத்தால், வால்வின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் தன் பெயர் போட்டு விற்பது அந்தத் தொழிலில் சகஜம். அமெரிக்காவில் ‘ஆம்பெரெக்ஸ்’ என்று விற்றவற்றில் பல, நெதர்லாந்தின் ஹீர்லென் ஊரில் பிலிப்ஸ் செய்தவை.

பார்க்க வேண்டியது கண்ணாடியின் அடியோரம். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து தெரியும். ஈ.சி.சி.83 வால்வு ஒன்றில் ‘பி5கே2’ என்றிருந்தால், ‘பி’ இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த முல்லார்ட் ஆலை. 5 வருடத்தின் கடைசி இலக்கம். ‘கே’ ஆங்கிலத்தில் பதினோராம் எழுத்து, ஆக நவம்பர். 2 இரண்டாம் வாரம். 1955ஆ, 1965ஆ? உள்ளே இருக்கும் ஆனோடு தகடு நீளமாக இருந்தால் பெரும்பாலும் முந்தையது. வால்வின் பெயரே பாதி விவரம் சொல்லிவிடும்: ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், இரண்டு ‘சி’ என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு.

ஆனால் வால்வு தேயும், மாற்றுவார்கள். அதனால் பெட்டியின் வயதுக்கு வால்யூம் கன்ட்ரோலின் முதுகையும் பார்ப்பது நல்லது. அமெரிக்கப் பெட்டியில் ‘1376712’ என்றிருந்தால் 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, மிச்சம் 1967இன் 12ஆம் வாரம். அந்தப் பாகத்தையும் யாரும் மாற்றவில்லை என்றால், பெட்டி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

எதற்காகச் செய்தது என்பதைப் பின்பக்கம் சொல்லும். 4, 8, 16 ஓம் என்றிருந்தால் பெரும்பாலும் வீட்டு ஸ்பீக்கருக்கு. 600 ஓம் என்றால் ஸ்டூடியோ அல்லது வானொலி நிலையம். ‘100 வோல்ட் லைன்’ என்றிருந்தால் மைதானத்துக்கும் ரயில் நிலையத்துக்குமானது. நம் மைக்செட்காரர்களுக்குப் பழக்கமான ஏற்பாடு. 50 வாட்டை 8 ஓமில் அனுப்பினால் கம்பியில் 2.5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். மின்னோட்டம் ஐந்தில் ஒன்றானால் அதே கம்பியில் இழப்பு இருபத்தைந்தில் ஒன்று.

எனக்குப் பிடித்தது சினிமா தியேட்டர் ஆம்ப்ளிபையர். பிலிம் ஓரத்து ஒலித்தடத்தைப் படித்த போட்டோசெல்லுக்கு மின்னழுத்தம் தர வேண்டியிருந்ததால், அதன் இன்புட் சாக்கெட்டிலேயே பல பத்து வோல்ட் வரும். விவரம் தெரியாமல் அதில் மைக்கைச் சொருகினால் மைக் போச்சு. சோதிக்கும் முன் இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.